நல்ல போதகர் ஒருவர் தேவனாக இருக்க முடியுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகி அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பல ஆண்டுகளாக ஊர்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். சில மாதங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “காந்தியும் நல்லவர்தானே டீச்சர், வள்ளுவரும் நல்லவர்தானே? இயேசு மட்டும் எப்படிக் கடவுள் ஆனார்?” என்று கேட்டிருக்கிறாள். தன்னைத் தேவன் என்று சொன்னவர் பொய்யராக இருக்க வேண்டும், அல்லது பித்தராக இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டவராகத்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கமான பதிலை வாசகி சொல்லியிருக்கிறார். “அவர் அப்படிச் சொல்லவே இல்லை, பின்னால வந்தவங்கதான் எழுதி வச்சாங்கன்னா?” என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்க, வாசகிக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து திருவிருந்து ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிடும் இடம் வந்ததும் உதட்டை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதாக எழுதுகிறார். மலைப்பிரசங்கத்தை நேசிக்கிறேன், அதைச் சொன்னவரைத் தேவன் என்று சொல்லத்தான் நா எழவில்லை, நான் இன்னும் கிறிஸ்தவளா, ஞாயிறு பள்ளியை விட்டுவிட வேண்டுமா, சபைக் கமிட்டியில் இருக்கும் என் கணவரிடம் இதைச் சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, இயேசு யார் என்ற கேள்வி. மற்றொன்று, அந்தக் கேள்வி மனத்தில் இருக்கும்வரை சபையிலும் வீட்டிலும் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்தால்தான் இரண்டாவதைத் தொட முடியும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் நீங்கள் இயற்பியல் படித்தவர், காரணம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆகவே காரணங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

மும்முனை வாதத்தின் பலமும் பலவீனமும்

பொய்யரா, பித்தரா, ஆண்டவரா என்ற வாதம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்து வானொலியில் ஒலித்த உரைகளால் உலகம் முழுவதும் பரவி, நம் கன்வென்ஷன் பந்தல்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. சுவிசேஷங்கள் சொல்வதையெல்லாம் இயேசுவின் வாக்காகவே ஏற்றுக்கொண்டு, ‘ஆனால் அவர் நல்ல போதகர் மட்டுமே’ என்று சொல்கிற ஒருவருக்கு அது சரியான பதில். உங்கள் மாணவி அந்த இடத்தில் நிற்கவில்லை. அவர் அப்படிச் சொன்னாரா என்று ஒரு படி முன்னால் போய் அவள் கேட்கிறாள். அவளிடம் அந்த வாதத்தை நீட்டினால் அது காற்றில்தான் படும். தன்னைப் பற்றித் தவறாக எண்ணிக்கொண்ட ஒருவர் பித்தராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அவசரமான முடிவு. இயேசுவின் சொந்த இனத்தாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்ததை மாற்கு (3:21) மறைக்காமல் எழுதியிருக்கும்போது, நாம் அந்தச் சொல்லை ஒரு வாதத்தின் இரண்டாம் கிளையாக மட்டும் வைத்துக்கொண்டு தாண்டிப் போவது எனக்கு எப்போதும் சரியாகப் பட்டதில்லை.

எனவே பதில் சொல்ல முடியாமல் நின்றதால் உங்கள் விசுவாசம் போய்விட்டது என்று கருதாதீர்கள். அந்தக் கேள்விக்கு அந்த வாதம் போதவில்லை, அவ்வளவுதான்.

நல்லவர் என்பதும் தேவன் என்பதும்

அந்தப் பெண்ணின் முதல் கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. அது நம் மண்ணில் மிக இயல்பான எண்ணம். ‘வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்’ என்பது குறள். வாழ வேண்டிய முறையில் வாழ்ந்தவரை நாம் உயர்த்துகிறோம். வீரனுக்கு நடுகல் நட்டோம். வள்ளுவருக்கு மயிலாப்பூரில் கோயிலே இருக்கிறது. இந்த வழக்கத்தின்படி பார்த்தால், நன்மையின் ஏணியில் மேலே மேலே ஏறியவருக்குக் கடைசிப் படியில் கிடைக்கிற பட்டமாகத் தெய்வத்தன்மை ஆகிவிடுகிறது. அப்போது, காந்தியும் வள்ளுவரும் ஏறாத எந்தப் படியில் இயேசு ஏறினார் என்று கேட்பது நியாயந்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்துதான் நம்மவர்கள் பலர் மற்ற மகான்களின் குறைகளைத் தேடி எடுத்து அடுக்குகிறார்கள். அது அநாகரிகம் என்பது ஒருபுறமிருக்க, தேவையும் இல்லாத வேலை.

ஏனென்றால் திருச்சபை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நல்லவராக வாழ்ந்த ஒரு மனிதரைத் தேவன் தம் குமாரனாக உயர்த்திக்கொண்டார் என்ற கருத்து இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அதன் சாயலில் போதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சமோசாத்தா பவுல் என்ற பேராயரை 268 வாக்கில் அந்தியோகியாவில் கூடிய பேராயர்களின் சங்கம் பதவியிலிருந்து நீக்கியது. கிறிஸ்தவ அறிக்கையின் திசை நேர் எதிரானது. ‘அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும், தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல், தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து’ என்று பிலிப்பியர் நிருபம் (2:6, 7) பேசுகிறது. அங்கே ஏறுதல் இல்லை, இறங்குதல் இருக்கிறது. அந்த இறக்கத்தை அவதாரம் என்ற சொல்லாலேயே விளக்க முயன்ற வெங்கல் சக்கரையைப் போன்ற இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் சென்னையிலேயே இருந்தார்கள். அவர்கள் எழுதியவற்றை நம் சபைகள் இப்போது திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆகையால் ‘நல்ல போதகர் கடவுளாக முடியுமா’ என்ற கேள்விக்கு என் நேரான பதில், போதகராக இருப்பதால் எவரும் கடவுளாக முடியாது என்பதே. நம் ஊரில் எல்லாராலும் மதிக்கப்படும் பெரியவர் ஒருவர் ஒரு விவசாயியிடம் வந்து, ‘கூட்டுறவு வங்கியில் நீ வாங்கிய பயிர்க்கடன் தள்ளுபடி, போய் வா’ என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்லவர் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்; அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா என்றுதான் கேட்பார்கள். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் வேதபாரகர் கேட்டது அதைத்தான். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் ‘மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது’ என்று இயேசு சொன்னதும், தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார் என்று அவர்கள் சிந்தித்தார்கள். இதுவும் ஒரு தீர்க்கதரிசியின் அறிவிப்பாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தாவீதிடம் நாத்தான் அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் ‘கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்’ என்று நாத்தான் தேவனைச் சுட்டினான். இயேசுவோ பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு என்கிறார். அந்த வித்தியாசத்தை நான் சிறியதாகக் கருதவில்லை.

போதனையை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா?

மலைப்பிரசங்கம் போதும், மற்றவை வேண்டாம் என்ற உங்கள் நிலை புதிதல்ல. அதை உங்களுக்கு முன்னரே மிகுந்த உழைப்போடு செய்து பார்த்தவர்கள் உண்டு. 1820-ல் கல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய், அற்புதங்களையும் வரலாற்றுப் பகுதிகளையும் பெரும்பாலும் விலக்கி, இயேசுவின் நீதிமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்கள் விவாதத்தைக் கிளப்பும், நீதி போதனையோ எல்லா மனங்களுக்கும் எட்டும் என்பது அவர் நினைப்பு. செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் எதிர்த்து எழுத, ராய் அடுத்த சில ஆண்டுகளில் கிறிஸ்தவ மக்களுக்கு மூன்று முறையீடுகளை எழுதிப் பதிலளித்தார். ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கத்தியால் வெட்டி, போதனைகளையும் வாழ்க்கைச் சம்பவங்களையும் மட்டும் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் பக்கம் பக்கமாக ஒட்டிவைத்தார். அவருடைய தொகுப்பு, கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைப்பதோடு முடிந்துவிடுகிறது.

இவர்களை நான் ஏளனம் செய்யவில்லை. அந்தப் போதனையை நேசித்ததால்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் வெட்டிப் பார்க்கும்போதுதான் ஒரு விஷயம் தெரிகிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படியுங்கள். கொலை, விபசாரம், தள்ளுதற்சீட்டு (விவாகரத்து), சத்தியம், பழிக்குப் பழி, சத்துரு என்று ஆறு இடங்களில், முன்னோருக்கு உரைக்கப்பட்டதை எடுத்துச் சொல்லிவிட்டு, ‘நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்று தொடர்கிறார். ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்ற தீர்க்கதரிசிகளின் வழக்கமான முத்திரை எங்கும் இல்லை. ஏழாம் அதிகாரத்தில், கடைசி நாளில் அநேகர் தம்மை நோக்கிக் ‘கர்த்தாவே! கர்த்தாவே!’ என்பார்கள் என்றும், அவர்களுக்குத் தாம் பதில் சொல்வார் என்றும் சர்வ சாதாரணமாகச் சொல்லிப் போகிறார். வெறும் ஒழுக்க போதனை என்று நீங்கள் ஒதுக்கி வைத்துக்கொண்ட அந்த மூன்று அதிகாரங்களுக்குள்ளேயே இது இருக்கிறது. நல்ல ஆசான் பாதையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை ‘என்னிடத்தில் வாருங்கள்’ என்று அழைக்கிற இவர் ஒதுங்கி நிற்கவில்லை. காந்தியடிகள் இயேசுவை மனிதகுலம் கண்ட மாபெரும் போதகர்களில் ஒருவராகவே மதித்தார். அந்த மதிப்பில் கபடம் எதுவும் கிடையாது. என்றாலும் மலைப்பிரசங்கத்தைச் சொன்னவரின் இந்தத் தொனிக்கு அது விளக்கம் தருகிறதா என்பதை நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னதா?

இப்போது உங்கள் மாணவியின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். காணொளி ஒன்றில், 325-ல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் மன்னன் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினான் என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்தச் சங்கத்தில் எதிர்த்தரப்பாக நின்ற, அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸின் கட்சியார்கூட இயேசுவை நீதி போதகர் மட்டுமே என்று வாதிடவில்லை. குமாரன் உலகம் உண்டாகுமுன்னே இருந்தவர் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அவர் பிதாவுக்குச் சமமானவரா, அல்லது பிதாவால் முதன்முதலாக உண்டாக்கப்பட்ட மேலான சிருஷ்டியா என்பதில்தான் சண்டை.

நிசேயாவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 112 வாக்கில், பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசன் திராயானுக்கு எழுதினார். அதற்கும் முன்னே போனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் இருக்கிறது. சிலுவைச் சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. கர்த்தர் ஒருவரே என்று நாள்தோறும் ஓதி வளர்ந்த யூதன் ஒருவன், அந்த நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், பிதாவாகிய ஒரே தேவனையும் இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரையும் அதே அறிக்கைக்குள் சேர்த்து, சகலமும் இவர் மூலமாய் உண்டானது என்கிறான். நான் மேலே எடுத்துக்காட்டிய பிலிப்பியர் பகுதி, பவுல் எழுதுவதற்கு முன்பே சபையில் பாடப்பட்ட பாட்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கதை வளர்ந்து ஒரு போதகர் கடவுளானார் என்று சொல்ல இங்கே தலைமுறைகளே இல்லை.

சரி, நீங்கள் நேர்மையாகக் கேட்டதால் நானும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் தொடக்கத்திலேயே அவரை வழிபட்டார்கள் என்பதை இது காட்டுகிறது. வழிபட்டது சரி என்று நிரூபித்துவிடவில்லை. அவர்களைக் கேட்டால் உயிர்த்தெழுதலைக் காட்டியிருப்பார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்து பார்க்க முடியாது. சாட்சிகளின் வாக்கை நம்புவதா வேண்டாமா என்ற முடிவு அங்கே வந்து நிற்கிறது, அதை உங்களுக்காக நான் எடுக்க முடியாது.

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த மாற்கு 10:18-ஐயும் பார்த்துவிடுவோம். ஓடிவந்து முழங்கால்படியிட்டு ‘நல்ல போதகரே’ என்று அழைத்தவனிடம், ‘நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே’ என்கிறார் இயேசு. இதைத் தெய்வத்தன்மைக்கு மறுப்பாகவும் படிக்கிறார்கள், மறைமுகமான உரிமைகோரலாகவும் பிரசங்கிக்கிறார்கள். இரண்டுக்கும் அந்த ஒரு வசனத்தால் பாரம் தாங்காது என்பது என் கருத்து. ஆனால் இயேசுவைக் கடவுளாக்கக் கதை கட்டினவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தை விட்டுவைத்திருப்பார்களா என்று யோசியுங்கள். கடைசி நாளைக் குமாரனும் அறியார் என்ற 13:32-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, 18-ஆம் வசனத்தில் நிறுத்தாமல் மேலே படியுங்கள். கற்பனைகளை, அதாவது தேவ கட்டளைகளையெல்லாம் சிறு வயது முதல் கைக்கொண்டவனுக்கு ஒரு குறைவு உண்டு என்கிறார். உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கச் சொல்லி, ‘என்னைப் பின்பற்றிவா’ என்று முடிக்கிறார். வந்தவனுக்கு வேண்டியிருந்தது போதகர். அதற்கு மேல் ஒன்றைக் கேட்டதும் அவன் துக்கத்தோடே போய்விட்டான்.

விசுவாசப் பிரமாணம், ஞாயிறு பள்ளி, கணவர்

முதலில் பயங்களைக் களைவோம். உங்கள் அரசுப் பணிக்கும் உங்கள் விசுவாச அறிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சபை அங்கத்துவத்தைப் பொறுத்தவரை, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஏற்கப்பட்ட ‘இணைப்பு அடிப்படை’ என்ற ஆவணம், பிரமாணங்களில் அடங்கிய அடிப்படைச் சத்தியங்களை ஏற்றுக்கொள்கிறது. அதே சமயம், ஒவ்வொரு சொல்லுக்கும் தொடருக்கும் தனி நபரின் சம்மதத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை என்றும், நியாயமான விளக்கச் சுதந்தரத்தை விலக்கவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆராதனையில் பிரமாணம் சொல்வதை அது துதியும் நன்றியுமாகவே பார்க்கிறது. ஆகவே தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் சபையாரோடு சேர்ந்து அதைச் சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகாது. நா எழவில்லையென்றால் மௌனமாக நில்லுங்கள், அதுவும் பாவமில்லை. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற பாவனை மட்டும் வேண்டாம்.

ஆனால் இந்தச் சுதந்தரத்துக்கு எல்லை உண்டு. இயேசு தேவன் அல்லர் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிட்டால், அது சொல்லுக்கு விளக்கம் தேடுகிற நிலை ஆகாது. சபை நிற்கிற அடித்தளத்தையே மறுக்கிற நிலை. அப்படி முடிவு செய்து கௌரவமாக வேறு வழி போனவர்களும் உண்டு. 1795-ல் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் திரித்துவத்தை ஏற்காத கிறிஸ்தவச் சபை ஒன்றைத் தொடங்கினார். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது முடிவு அல்ல, சந்தேகம். உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயா மலையில் கண்ட பதினொருவரும் பணிந்துகொண்டார்கள், ‘சிலரோ சந்தேகப்பட்டார்கள்’ என்கிறது மத்தேயு 28:17. அந்தச் சிலரைத் தனியே பிரித்து நிறுத்தாமலேதான் சகல ஜாதிகளையும் சீஷராக்கும் கட்டளை கொடுக்கப்பட்டது.

ஞாயிறு பள்ளியை உடனே விடாதீர்கள் என்பதே என் ஆலோசனை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்கள் சபை ஆயரிடம் தனியாக நேரம் கேட்டு, எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெற்றோர் உங்களை நம்பி அனுப்புகிறார்கள். பொறுப்பில் இருக்கிற ஒருவருக்காவது உங்கள் நிலை தெரிந்திருப்பது நியாயம். சில மாதங்களுக்கு இந்தப் பாடப்பகுதியை வேறொருவர் நடத்தட்டும் என்று அவர் சொன்னால் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கடிந்துகொள்பவராக இருந்தால், உங்கள் திருமண்டலத்தின் இறையியல் ஆசிரியர்களில் ஒருவரைத் தேடிப் போங்கள். அந்த மாணவியிடம் மட்டும், ‘நீ கேட்டது நல்ல கேள்வி, நான் சொன்ன பதில் அதற்குப் போதாது, சேர்ந்து படிப்போம்’ என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மாற்கு சுவிசேஷத்தை அவளோடு முதலிலிருந்து வாசியுங்கள். ஒவ்வொரு அதிகாரத்திலும், இவர் யார் என்று யார் யார் கேட்கிறார்கள் என்பதை அவளே குறித்துக்கொண்டு வரட்டும்.

கணவரிடம் ஆயருக்கு முன்பாகவே பேசுங்கள். கமிட்டியில் இருக்கும் அவருக்குச் செய்தி வெளியிலிருந்து வந்து சேர்ந்தால், உங்கள் சந்தேகத்தைவிட நீங்கள் மறைத்ததுதான் அவரை அதிகம் புண்படுத்தும். ‘எனக்கு விசுவாசம் இல்லை’ என்று தொடங்காதீர்கள், ஏனென்றால் அது உண்மையல்ல. வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள், பிரமாணத்தில் எந்த வரியில் நா தடைபடுகிறது என்று சொல்லுங்கள், அவர் உடனே விடை தர வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு வார நாளில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் வேண்டாம்.